கோ மொழியில் ஜெனரிக்ஸும் வகை நிபந்தனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோ (Go) என்ற நிரல் மொழிக்குப் புதிதாக வருபவர்கள் ஜெனரிக்ஸ் பகுதியை எட்டியதும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பப் பதில் சொன்னவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மொழியின் குறிச்சொற்களைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். எங்கும் 'கோ மொழியில்' என்றே எழுதுவதற்குக் காரணம் உண்டு: 'கோவில்' என்று சுருக்கினால் தேங்காய் பழத்தோடு போக வேண்டியிருக்கும்.

ஜெனரிக்ஸ் என்றால் என்ன? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

ஒரே வேலையைப் பல வகைத் தரவுகளுக்குச் செய்யும் நிரலை ஒரே ஒருமுறை எழுதுவது.

இரண்டு எண்களில் பெரியதைத் தரும் ஃபங்ஷன் வேண்டும். இன்ட் (முழு எண்) வகைக்கு ஒன்று எழுதுகிறீர்கள். நாளை ஃப்ளோட்64 (பதின்மப் புள்ளி எண்) வகைக்கும் அதுவே தேவைப்படுகிறது. மறுநாள் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வகைக்கு. மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஒப்பீடுதான், தலைப்பு வரிதான் மாறுகிறது. ஜெனரிக்ஸ் இருந்தால் இப்படி எழுதலாம்:

பெரியது[வ ஆர்டர்டு](அ, ஆ வ) வ

சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'வ' என்பது வகை அளபுரு, அதாவது அழைக்கும்போது ஒரு வகை வந்து உட்காரும் இடம். அ, ஆ இரண்டும் 'வ' வகையைச் சேர்ந்தவை, திரும்பி வருவதும் அதே வகை. 'வ' எதுவாக இருக்கலாம் என்று சொல்வது பக்கத்தில் உள்ள 'ஆர்டர்டு'. அதுதான் நிபந்தனை. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

இது வருவதற்கு முன் எப்படிச் சமாளித்தார்கள்?

ஒன்று, நிரலைப் படியெடுத்து ஒட்டினார்கள். இல்லையென்றால் வெற்று இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தினார்கள். இன்டர்ஃபேஸ் என்பது ஒரு வகையிடம் இன்னின்ன மெத்தடுகள் (வகையோடு ஒட்டிய ஃபங்ஷன்கள்) வேண்டும் என்று கேட்கும் பட்டியல். எந்த மெத்தடையும் கேட்காதது வெற்று இன்டர்ஃபேஸ், அதனால் எந்த மதிப்பையும் அதற்குள் போடலாம். வெளியே எடுக்கும்போது "உள்ளே இருப்பது இன்ன வகை" என்று நாமே உறுதிமொழி கொடுக்க வேண்டும். உறுதிமொழி பொய்த்தால் நிரல் நின்றுவிடும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் எண்ணை இப்படி ஒரு தற்காலிகச் சேமிப்பில் வைத்திருந்தோம். போடும்போது இன்ட்64. எடுக்கும்போதும் இன்ட்64 என்று உறுதிமொழி. பல மாதங்கள் ஒழுங்காக ஓடியது. பிறகு அந்தச் சேமிப்பை வேறொரு சர்வருக்கு மாற்றினோம், மதிப்புகள் ஜேசன் என்ற உரை வடிவில் போய் வரத் தொடங்கின. ஜேசனில் உள்ள எண்ணை வெற்று இன்டர்ஃபேஸுக்குள் வாசித்தால் கோ மொழி அதை ஃப்ளோட்64 ஆக்கிவிடும். உறுதிமொழி பொய்த்தது. அன்றிரவு இரண்டு மணிக்கு என் கைப்பேசி அடித்தது. நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மீது குற்றம் சொல்ல முடியாது. அதன் கண்ணை நாங்களே கட்டிவிட்டிருந்தோம்.

வரிசைப்படுத்துவதற்கு வேறொரு வழி இருந்தது: நீளம் சொல்லும் மெத்தட், இரண்டில் எது சிறியது என்று சொல்லும் மெத்தட், இடம் மாற்றும் மெத்தட் என மூன்றை எழுதிக் கொடுத்தால் நூலகம் வரிசைப்படுத்தித் தரும். ஒவ்வொரு பட்டியல் வகைக்கும் அந்த மூன்றையும் எழுத வேண்டும். எழுதி எழுதிக் கைக்கே மனப்பாடமாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மொழிக்குள்ளேயே இருந்த மேப் (சாவிக்கு ஒரு மதிப்பு), ஸ்லைஸ் (பட்டியல்), சேனல் (ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகள் மதிப்பு அனுப்பும் வழி) ஆகியவை முதல் நாளிலிருந்தே எந்த வகைக்கும் பொருந்தின. ஜெனரிக்ஸ் மொழியை உருவாக்கியவர்களுக்கு இருந்தது, நமக்குத்தான் இல்லை.

2009இல் அறிமுகமான மொழி ஏன் 2022 வரை காத்திருந்தது?

ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் ஆகியோர் வடிவமைத்த கோ மொழி 2009 நவம்பரில் வெளியானது. ஜெனரிக்ஸ் வந்தது 2022 மார்ச்சில், 1.18 பதிப்பில். இடையில் சும்மா இருக்கவில்லை. கோ குழுவின் இயன் லான்ஸ் டெய்லர் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு வரைவும் 2013இல் இரண்டும் எழுதினார். நான்கும் போதாது என்று முடிவானது.

சிக்கல் என்னவென்பதை 2009 டிசம்பரிலேயே அதே குழுவின் ரஸ் காக்ஸ் எழுதியிருந்தார். ஜெனரிக்ஸ் இல்லையென்றால் நிரலாளர் மெதுவாகிறார். ஒவ்வொரு வகைக்கும் தனிப்பிரதி உருவாக்கினால் கம்பைலர் மெதுவாகிறது, கோப்பு பெருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து ஒரே பிரதியை ஓட்டினால் நிரல் ஓடும் வேகம் குறைகிறது. மூன்றில் எந்த வலியைத் தாங்குவது? வேகமாகக் கம்பைல் ஆவதையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட மொழிக்கு இது எளிய கேள்வி அல்ல.

ஆனால் என் பார்வையில் அதைவிடக் கடினமாக இருந்தது நிபந்தனைதான். வேகச் சிக்கலைக் கம்பைலருக்குள் ஒளித்து வைக்கலாம், பின்னொரு பதிப்பில் திருத்தலாம். நிபந்தனையை எழுதும் முறையோ எல்லோருடைய நிரலிலும் பதிந்துவிடும். பிறகு மாற்ற முடியாது.

நிபந்தனை இல்லாமலே விட்டுவிட்டால் என்ன?

சி பிளஸ் பிளஸ் மொழியின் டெம்ப்ளேட்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தன. எந்த வகையையும் கொடுக்கலாம். கொடுத்த வகைக்கு < குறி பொருந்தாவிட்டால், நூலகத்தின் உள்ளே எங்கோ பத்து அடுக்குக்குக் கீழே பிழை வெடிக்கும். நீங்கள் எழுதியது ஒரு வரி, வரும் பிழைச் செய்தியோ பக்கம் பக்கமாக. குற்றவாளி யார், நூலகத்தை எழுதியவரா அதை அழைத்தவரா என்றும் அந்தச் செய்தி சொல்லாது.

நிபந்தனை ஓர் ஒப்பந்தம். எழுதுபவர் "இவை இருந்தால் போதும்" என்கிறார், அழைப்பவர் "இவை என்னிடம் இருக்கின்றன" என்கிறார். கம்பைலர் இருபக்கமும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது. சி பிளஸ் பிளஸ் இதைக் 'கான்செப்ட்' என்ற பெயரில் சேர்க்க முயன்று, 2009 ஜூலையில் வரைவிலிருந்து நீக்கி, கடைசியில் 2020 தரநிலையில்தான் கொண்டுவந்தது. கோ மொழிக்காரர்களை மட்டும் சோம்பேறிகள் என்று சொல்வது நியாயமில்லை.

'கான்ட்ராக்ட்' என்று ஒன்று இருந்ததாமே, அது என்ன ஆயிற்று?

2018 ஆகஸ்டில் வந்த வரைவில் நிபந்தனைக்கென்றே தனியாக ஓர் அமைப்பு இருந்தது. அதன் பெயர் கான்ட்ராக்ட். அதற்குள் சாதாரண நிரல் வரிகளையே எழுதலாம். "அ < ஆ" என்று ஒரு வரி எழுதினால் "சிறியதா என்று ஒப்பிட முடிகிற வகை வேண்டும்" என்று பொருள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரே தேவையை நூறு விதமாக எழுதலாம். எழுதப்பட்ட வரிகளிலிருந்து சரியாக எவ்வளவு கேட்கப்படுகிறது என்று கணிப்பதும் தலைவலி. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது: "இந்த மெத்தடுகள் உள்ள வகை வேண்டும்" என்று சொல்ல ஏற்கெனவே இன்டர்ஃபேஸ் இருக்கிறதே, இது எதற்கு? இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று பயனர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

இந்த வேளையில் ஃபிலிப் வாட்லர் வருகிறார். ஹாஸ்கெல் மொழியில் வகைகளுக்கு நிபந்தனை சொல்லும் டைப் கிளாஸை 1989இல் ஸ்டீஃபன் பிளாட்டுடன் சேர்ந்து முன்வைத்தவர், ஜாவா ஜெனரிக்ஸின் மூல வடிவமைப்பிலும் பங்கு கொண்டவர். ராப் பைக் அவரிடம் உதவி கேட்டார். அவரும் குழுவினரும் கோ மொழியின் மிகச் சிறிய மாதிரி ஒன்றை எடுத்து, இன்டர்ஃபேஸையே நிபந்தனையாக வைத்தால் கணக்கு உதைக்காமல் நிற்கிறதா என்று முறையாக நிறுவிப் பார்த்தார்கள். நின்றது. 2020 ஜூனில் வந்த வரைவில் கான்ட்ராக்ட் இல்லை.

மெத்தடைக் கேட்பதுதான் இன்டர்ஃபேஸ். + குறியை எப்படிக் கேட்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கோ மொழியில் +, < போன்ற குறிகள் மெத்தடுகள் அல்ல. இன்ட் வகைக்குக் 'கூட்டு' என்று ஒரு மெத்தட் கிடையாது. அப்படியிருக்க, "கூட்ட முடிகிற வகை வேண்டும்" என்று இன்டர்ஃபேஸால் சொல்லவே முடியாது. இதற்குத் தீர்வாக இன்டர்ஃபேஸின் பொருளையே விரித்தார்கள். அதுவரை இன்டர்ஃபேஸ் மெத்தடுகளின் பட்டியல். இப்போது அது வகைகளின் கணம்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வந்த அதே கணம்தான். 'எழுது' என்ற மெத்தடைக் கேட்கும் இன்டர்ஃபேஸ், அந்த மெத்தட் உள்ள எல்லா வகைகளும் அடங்கிய கணம். எதையும் கேட்காத வெற்று இன்டர்ஃபேஸ் அனைத்துக் கணம் (1.18 முதல் அதற்கு 'எனி' என்று செல்லப்பெயர்). இப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டால், உறுப்புகளை நேராக எழுதிக் கொடுப்பதில் தடையில்லை:

எண் = இன்ட்64 | ஃப்ளோட்64

| என்பது சேர்ப்பு. இன்டர்ஃபேஸுக்குள் அடுத்தடுத்த வரிகளில் எழுதினால் வெட்டு. ஒரு வரியில் இன்ட், அடுத்த வரியில் ஸ்ட்ரிங் என்று எழுதிப் பாருங்கள். வெற்றுக்கணம் கிடைக்கும். கம்பைலர் அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அந்த நிபந்தனையை நிறைவு செய்ய உலகில் எந்த வகையும் இருக்காது.

கணத்தில் உள்ள எல்லா உறுப்புகளுக்கும் + பொருந்தினால், ஃபங்ஷனுக்குள் + பயன்படுத்தலாம். விதி அவ்வளவுதான்.

~ என்ற குறி எதற்கு?

மேலே உள்ள 'எண்' நிபந்தனையை வைத்து ஒரு பட்டியலைக் கூட்டும் ஃபங்ஷன் எழுதுகிறீர்கள். உங்கள் கணக்கு நிரலில் பணத்தைப் 'பைசா' என்ற சொந்த வகையில் வைத்திருக்கிறீர்கள், அதன் அடிப்படை இன்ட்64. பைசாப் பட்டியலைக் கொடுத்தால் கம்பைலர் மறுக்கும். ஏனென்றால் பைசாவும் இன்ட்64உம் வேறு வேறு வகைகள், கணத்தில் பைசா இல்லை.

இப்போது ~இன்ட்64 | ~ஃப்ளோட்64 என்று மாற்றுங்கள். "இன்ட்64ஐ அடிப்படையாகக் கொண்ட எதுவும்" என்று பொருள். பைசா உள்ளே வந்துவிடும். கூட்டுத்தொகையும் பைசாவாகவே திரும்பி வரும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ரூபாயையும் பைசாவையும் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பைக் கம்பைலரே அடைத்துவிடுகிறது.

நூலகம் எழுதுபவர் ~ போட மறப்பது மிகப் பரவலான தவறு. ~ இல்லாமல் எழுதுவதற்கு நல்ல காரணம் இருக்கும் இடங்கள் மிகக் குறைவு. அதனால் சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள். 1.21 பதிப்பிலிருந்து நிலையான நூலகத்தில் இருக்கும் 'ஆர்டர்டு' நிபந்தனையும் எல்லா உறுப்புகளுக்கும் ~ போட்டே எழுதப்பட்டிருக்கிறது.

'எண்' என்ற இன்டர்ஃபேஸ் வகையில் ஒரு மாறியை அறிவிக்க முடியவில்லையே?

முடியாது. வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட இன்டர்ஃபேஸை நிபந்தனையாக மட்டுமே பயன்படுத்தலாம்.

காரணத்தை ஒரு மாறியை வைத்தே பார்க்கலாம். 'எண்' வகை மாறி அ, அதற்குள் ஓர் இன்ட்64 இருக்கிறது. இன்னொரு மாறி ஆ, அதற்குள் ஃப்ளோட்64. இரண்டும் 'எண்' வகைதான். அ + ஆ என்ன? கோ மொழியில் இன்ட்64ஐயும் ஃப்ளோட்64ஐயும் கூட்ட முடியாது. மதிப்பே கொடுக்கப்படாத 'எண்' மாறியில் என்ன இருக்கும்? இன்டர்ஃபேஸ் வழக்கப்படி நில், அதாவது வெறுமை. அது இன்ட்64உம் அல்ல, ஃப்ளோட்64உம் அல்ல. வகை அளபுருவாக வரும்போது இந்தத் தொல்லை இல்லை: ஓர் அழைப்பில் 'வ' ஒன்று என்றால் ஒன்றுதான்.

வடிவமைப்பில் தழும்பு விழுந்த இடம் இது என்பேன். கான்ட்ராக்டைத் தூக்கிவிட்டு இன்டர்ஃபேஸ் என்ற ஒரே கருத்து போதும் என்றார்கள். ஆனால் இன்று இன்டர்ஃபேஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன: மாறியாக வைக்கக்கூடியது, வைக்க முடியாதது. பெயர் ஒன்றானதால் புதியவர் குழம்புகிறார். அப்படியிருந்தும் இதுவே சரியான பேரம் என்று நினைக்கிறேன். தனி அமைப்பாக இருந்திருந்தால் மெத்தடைக் கேட்பதற்கு இரண்டு வழிகள் இருந்திருக்கும், எந்த வழி என்று ஒவ்வொரு குழுவும் காலமெல்லாம் சண்டை போட்டிருக்கும்.

கம்பேரபிள் பற்றி ஏன் இவ்வளவு குழப்பம்?

ஏனென்றால் அது 1.18இல் ஒரு பொருளிலும் 1.20இல் சற்றே வேறு பொருளிலும் இருக்கிறது.

கம்பேரபிள் என்பது == பொருந்தும் வகைகளின் கணம். மேப்பின் சாவியாக இருக்க இது தேவை. 1.18இல் 'எனி' இந்தக் கணத்தில் சேர்க்கப்படவில்லை. 'எனி'க்குள் ஒரு ஸ்லைஸ் இருந்தால் == ஓடும்போது நிரல் நின்றுவிடும் என்பதால் இந்த எச்சரிக்கை. ஆனால் சாதாரண மேப்பில் 'எனி'யைச் சாவியாக வைக்க மொழி என்றுமே அனுமதித்து வந்தது. ஆக, மேப் செய்வதை நாம் எழுதும் ஜெனரிக் மேப் செய்ய முடியாது என்ற அபத்தம்.

2023 பிப்ரவரியில் வந்த 1.20 இதைத் தளர்த்தியது. ஒரு நிபந்தனையைச் 'செயல்படுத்துவது' வேறு, 'நிறைவு செய்வது' வேறு என்று பிரித்து, சாதாரண இன்டர்ஃபேஸ்கள் கம்பேரபிளை நிறைவு செய்யும் என்றார்கள். விலை என்னவென்றால், கம்பைலர் தலையாட்டிய நிரலும் ஓடும்போது == இடத்தில் நிற்கக்கூடும். சட்டத்தில் ஓட்டை போட்டுச் சரிசெய்தது மாதிரிதான். இருந்தாலும் அன்றாட வேலைக்கு இதுவே உதவுகிறது. சாவியாக வருவது எனி என்றால் உள்ளே ஸ்லைஸோ மேப்போ ஃபங்ஷனோ நுழையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

< > இல்லாமல் சதுர அடைப்புக்குறி ஏன்?

அ, ஆ = வ < ல, ப > (ர) என்ற வரியைப் பாருங்கள். இது இரண்டு ஒப்பீடுகளா, அல்லது வகை அளபுருக்களோடு ஒரு ஃபங்ஷன் அழைப்பா? பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரியாமல் சொல்ல முடியாது. பெயர்களை ஆராயாமலே இலக்கணத்தைப் பகுத்துவிட வேண்டும் என்பது கோ மொழியின் பிடிவாதம். தொடக்க வரைவுகளில் வளைவு அடைப்புக்குறி இருந்தது, அடைப்புக்குள் அடைப்பாகப் பெருகிக் கண்ணைக் குத்தியது. 2020இல் சதுரத்துக்கு மாறினார்கள்.

மெத்தடுக்குத் தனியாக வகை அளபுரு கொடுக்க ஏன் 1.18 அனுமதிக்கவில்லை?

கோ மொழியில் ஒரு வகை எந்த இன்டர்ஃபேஸை நிறைவு செய்கிறது என்று எங்கும் அறிவிப்பதில்லை, மெத்தடுகள் இருந்தால் போதும். அந்தப் பொருத்தத்தை ஓடும்போதும் கேட்கலாம். மெத்தடுக்கும் அளபுரு இருந்தால், நிரலின் இரண்டு மூலைகளில் இருக்கும் வகையும் இன்டர்ஃபேஸும் ஓடும்போது சந்திக்கும் வேளையில், எந்தெந்த வகைக்குப் பிரதி உருவாக்கி வைத்திருக்க வேண்டும் என்று கம்பைலருக்கு முன்கூட்டியே தெரியாது. ரஸ்ட் மொழியில் பொருத்தம் வெளிப்படையாக அறிவிக்கப்படுவதால் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. அதனால் தனி ஃபங்ஷனாக எழுதினார்கள், அதில் பெரிய நட்டம் இல்லை.

ஜெனரிக்ஸ் பயன்படுத்தினால் நிரல் வேகமாகுமா?

சில நேரம். சில நேரம் மெதுவாகும்.

ரஸ்ட் மொழி ஒவ்வொரு வகைக்கும் தனிப்பிரதி உருவாக்குகிறது. 2004இல் ஜெனரிக்ஸைச் சேர்த்த ஜாவா, கம்பைல் ஆனதும் வகை அளபுருக்களை அழித்துவிட்டு ஒரே பிரதியை ஓட்டுகிறது. கோ மொழியின் கம்பைலர் நடுவழியில் நிற்கிறது: நினைவகத்தில் ஒரே வடிவம் கொண்ட வகைகளுக்கு ஒரே பிரதி, கூடவே வகை விவரங்கள் அடங்கிய ஓர் அகராதி மறைவாக அனுப்பப்படும். பாயின்டர்கள் (நினைவக முகவரிகள்) எல்லாம் ஒரே வடிவம்.

அதனால் இன்ட், ஃப்ளோட் போன்றவற்றில் கணக்குப் போடும் ஃபங்ஷன் வேகமாகவே ஓடும். பாயின்டர் வகையைக் கொடுத்து அதன் மெத்தடை அழைத்தால், அகராதி வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும், சாதாரண இன்டர்ஃபேஸைவிட வேகம் கூடாது. வேகத்துக்காக மாற்றுகிறீர்கள் என்றால் முதலில் அளந்து பாருங்கள்.

எப்போது ஜெனரிக்ஸ், எப்போது சாதாரண இன்டர்ஃபேஸ்?

உள்ளே வந்த வகையே வெளியே போக வேண்டும் என்றால், அல்லது இரண்டு இடங்களில் வருவது ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றால், ஜெனரிக்ஸ். வந்த பொருளின் ஒரு மெத்தடை அழைத்துவிட்டு விட்டுவிடுவீர்கள் என்றால், இன்டர்ஃபேஸ். கோப்பிலிருந்து வாசிக்கும் ஃபங்ஷனுக்கு 'வாசிக்க முடிகிற எதையாவது கொடு' என்பதே போதும், அங்கே சதுர அடைப்புக்குறி வெறும் அலங்காரம்.

நான் செய்வது இதுதான்: முதலில் ஒரு வகைக்கு மட்டும் எழுதுவேன். அதே நிரலை மூன்றாவது முறை எழுத நேரும்போது அளபுரு சேர்ப்பேன். தொடக்கத்திலேயே நான்கு வகை அளபுருக்களோடு வரும் நிரலைப் பார்த்தால், எழுதியவர் இன்னும் பிரச்சினையைச் சந்திக்கவில்லை என்றே தோன்றும்.

எடுத்துக்காட்டுகளில் தமிழ்ப் பெயர்கள் வைத்திருக்கிறீர்களே, உண்மையில் ஓடுமா?

வ, அ, ஆ ஓடும். 'பெரியது' ஓடாது, 'பைசா'வும் ஓடாது.

கோ மொழியில் பெயர் என்பது யூனிகோட் எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டும். தமிழின் புள்ளியும் துணைக்குறிகளும் யூனிகோடில் 'எழுத்து' அல்ல, 'குறி' என்று வகைப்படுத்தப்பட்டவை. ஆகவே உயிரெழுத்தும் அகரமேறிய மெய்யும் ஆய்தமும் மட்டும் தேறும். உயர, அகல என்று மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம். நீளத்தில் ஈகாரக் குறி இருப்பதால் அதற்கு வைக்க முடியாது. பைத்தானும் ரஸ்டும் இந்தக் குறிகளை ஏற்கின்றன.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லாததால் இன்னொரு தொல்லையும் உண்டு. கோ மொழியில் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால்தான் பொதியத்துக்கு (package) வெளியே தெரியும். 'அகல' என்ற பெயரை வெளியே காட்ட அதன் முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்றை ஒட்ட வேண்டும். வகை அளபுருவுக்கு அந்தக் கவலை இல்லை, அது ஃபங்ஷனை விட்டு வெளியே போவதே இல்லை. என் சொந்த நிரல்களில் 'வ' அப்படியே இருக்கிறது.